ஊழியக் கம்பெனியின் கையிருப்பு

அந்த வருஷம் மார்ச் மாதம் முழுக்க சகாயராணிக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் கை வைத்தால் போதும், அலுவலகத்து இரும்புப் பெட்டி கண்ணுக்குள் வந்து நின்றுவிடும். அம்மா கேட்டால் வயிறு சரியில்லை என்பாள். அம்மா ஓமத்தண்ணி வைத்துக் கொடுப்பாள். அதையும் குடித்து வைப்பாள்.

அவள் கணக்கு எழுதிய இடத்துக்குப் பதிவுப் பத்திரத்தில் 'திண்டுக்கல் மாதர் ஊழியக் கம்பெனி' என்று பெயர். லாபமே பார்க்காத சேவைக்குக் கம்பெனி என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று ஊரில் பலருக்கும் விளங்கவில்லை. அப்படிப் பதிந்தால் சர்க்கார் மானியம் வாங்கச் சுலபம் என்று ஒரு வக்கீல் சொல்லியிருந்தார், அவ்வளவுதான். பேகம்பூர் பக்கம் இரண்டு அறை உள்ள வாடகை வீடு. புகையிலைக் கிட்டங்கிக்கும் தோல் பதனிடும் ஷாப்புக்கும் வேலைக்குப் போகிற பெண்கள், காலையில் முன் அறையில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்கள். பிள்ளைகளுக்குப் பாலும் மத்தியானக் கஞ்சியும் உண்டு. வாரத்தில் இரண்டு நாள் கம்பவுண்டர் ஒருவர் மருந்துப் பெட்டியோடு எரியோடு பக்கத்துக் கிராமங்களுக்கு பஸ் ஏறுவார்.

பின் அறையில் சேமிப்பு. சனிக்கிழமை கூலி வாங்கியதும் ஒவ்வொருத்தியும் இரண்டணாவோ நாலணாவோ கொண்டுவந்து சகாயராணியிடம் கொடுத்து, பாஸ் புக்கில் வரவு வைத்துக்கொண்டு போவாள். புருஷன் கண்ணில் படாமல், பெட்டிக்கடைப் பாக்கிக்குப் போகாமல் ஒளித்து வைத்த காசு அது. தொண்ணூற்று நான்கு பேருடைய சேமிப்பும் சேர்ந்து ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு ரூபாய். பெட்டியில் இருந்ததோ அறுநூற்றுப் பதினொரு ரூபாய்.

மீதியை யாரும் திருடவில்லை. ஐப்பசியில் வர வேண்டிய மானியம் வரவில்லை. பால்காரர் பாக்கி கேட்டு வாசலில் நின்றபோது, செயலாளர் கண்ணுசாமி, "சேமிப்புப் பணம் சும்மாதானம்மா கெடக்கு. அதுல இருந்து குடு. மானியம் வந்ததும் போட்டுக்கலாம்" என்றார். பால், கம்பவுண்டர் சம்பளம், வாடகை என்று ஐந்து மாதம் அதிலிருந்தே போயிற்று. சகாயராணியின் நாற்பது ரூபாய்ச் சம்பளமும் அதிலிருந்துதான். 

மார்ச் இருபத்தெட்டாம் தேதி கண்ணுசாமி மானியத்தைக் கையோடு வாங்கி வருவதாகச் சொல்லி மெட்ராஸுக்குக் கிளம்பினார். போகிறபோது, "ஆண்டுக் கணக்குல கையிருப்பு ஆயிரத்தெண்ணூத்தி நாப்பத்தாறுன்னே எழுதிரு. ஆடிட்டர் வர்றதுக்குள்ள நான் பணத்தோட வந்துருவேன்" என்றார்.

"வரலைன்னா சார்?"

"வரும்மா. நீயே பயந்து ஊரக் கூட்டிராத."

முப்பத்தொன்றாம் தேதி அவள் வருஷக் கணக்கு முழுவதையும் எழுதினாள். கையிருப்பு என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பொய்க் கணக்கு எழுதினால் ஜெயில் என்று அவளுக்குத் தெரியும். எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் தெரியவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு நோட்டை மூடினாள்.

மறுநாள் திங்கட்கிழமை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு ஏப்ரல் ஒன்று. அணா போய் நயா பைசா வந்த நாள். பழைய காசும் செல்லும் என்று தமுக்குப் போட்டிருந்தார்கள். ஆனாலும் கடைத்தெருவில் காலையிலேயே சண்டை. சகாயராணி இரண்டு நாளாக உட்கார்ந்து எல்லாப் பாஸ் புக்கையும் சர்க்கார் அச்சடித்த மாற்றுப் பட்டியல் பார்த்து நயா பைசாவுக்கு மாற்றி வைத்திருந்தாள்.

முதலில் வந்தவள் கிட்டங்கியில் புகையிலை தரம் பிரிக்கிற ஒச்சம்மாள். வாய்த்துடுக்கு உள்ளவள், ஆனால் கணக்கில் கெட்டி. எழுத்துத் தெரியாவிட்டாலும் தன் காசு எவ்வளவு என்பது அவளுக்கு மனப்பாடம்.

"எம் புக்குல எம்புட்டு இருக்கு?"

"இருபத்திரண்டு ரூபாய் ஐம்பத்தாறு நயா பைசாக்கா."

"எனக்கு இருபத்திரண்டு ரூவா ஒம்போதணா. ஒரு அணாவுக்கு ஆறேகால் பைசான்னு கிட்டங்கி ரைட்டர் சொன்னாரு. அப்ப ஒம்போதணாவுக்கு ஐம்பத்தாறேகால் வரணும்ல. அந்தக் கால் பைசா எங்க?"

கால் பைசா என்று காசே கிடையாது, அதை விட்டுவிடச் சொல்லிப் பட்டியலில் போட்டிருக்கிறது என்று சகாயராணி சொன்னாள். சொல்லும்போதே குரல் நடுங்கியது. சரியான கணக்கைச் சொல்லும்போதே இப்படி நடுங்குகிறதே என்று நினைத்ததும் இன்னும் நடுங்கியது. ஒச்சம்மாள் அதைக் கவனித்தாள்.

"ஏன் இப்புடி வெளவெளக்குது ஒனக்கு? எங்காச எடுத்துக் குடுத்துரு கணக்கம்மா. நான் அடுப்படியிலயே வச்சுக்கிறேன்."

சகாயராணி எண்ணிக் கொடுத்தாள். ஒச்சம்மாள் முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். போனவள் கிட்டங்கியில் என்ன சொன்னாளோ, பத்து மணிக்கு ஆறு பேர் வந்தார்கள். பதினொரு மணிக்கு வாசலில் வரிசை நின்றது. ஆளுக்குக் கால் பைசா, அரைப் பைசா கம்பெனி தின்றுவிட்டதாம் என்பது பேச்சு. பின்னால் நின்றவர்களிடம் அது கால் ரூபாய், அரை ரூபாய் என்று வளர்ந்திருந்தது.

அவள் மெதுவாக எண்ணினாள். வேண்டுமென்றேதான். ஒரு புக்கை வாங்கி, பேரேட்டைத் திருப்பி, இரண்டு தரம் கூட்டி, மூன்று தரம் காசை எண்ணி. அதற்குள் ஏதாவது நடந்துவிடாதா, கண்ணுசாமியிடமிருந்து தந்தி வந்துவிடாதா என்று காது வாசலிலேயே இருந்தது. இருபத்தோரு பேருக்குக் கொடுத்து முடித்தபோது பெட்டியில் நூற்று எண்பத்தெட்டு ரூபாய் இருந்தது. ஜன்னல் வழியே தலைகளை எண்ணிப் பார்த்தாள். முப்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை.

"செத்த நேரம் இருங்கக்கா. தலைவரப் பாத்துட்டு வந்துர்றேன்" என்று பெட்டியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கினாள். தெருவில் போகும்போது அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நிலக்கோட்டை வண்டியில் ஏறிவிடலாம் என்று தோன்றியது. அங்கே சித்தி வீடு இருந்தது. ஏறினால் திருடி என்று ஆகிவிடும். ஏறாவிட்டாலும் அப்படித்தான் ஆகப்போகிறது. கால் என்னவோ தோல் ஷாப்புப் பக்கமே நடந்தது.

கம்பெனியின் தலைவர் அப்துல் சுக்கூர் தோல் வியாபாரி. நல்ல மனிதர், கை சுத்தமானவர். அவள் முழுவதையும் சொல்லி முடிக்கும் வரை சுண்ணாம்புத் தொட்டி ஓரத்தில் அசையாமல் நின்றார்.

"சேமிப்ப எடுத்தது எனக்குத் தெரியாதேம்மா. கண்ணுசாமி ஒரு வார்த்த சொல்லலையே."

"உங்களுக்குத் தெரியும்னுதான் செயலாளர் சார் சொன்னாரு, பாய்."

அவர் முகம் வெளுத்துப்போனதை அவள் கண்டாள். அவரும் பயப்படுகிறார் என்று தெரிந்ததும் அவளுக்கு இருந்த கடைசிப் பிடிமானமும் போயிற்று.

"எம் பேருதான் போர்டுல இருக்கு. எங்கிட்டயும் இப்ப ரொக்கம் இல்ல. சரக்கு மெட்ராஸ்ல நிக்குது" என்றார். பிறகு, "வருஷக் கணக்கு முடிக்கிறோம், பதினஞ்சு நாளைக்குப் பணம் குடுக்க முடியாதுன்னு எழுதிப் போட்ரு. வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லாத. அதுக்குள்ள அல்லாஹ் ஒரு வழி விடுவான்" என்றார்.

அவள் திரும்பி வந்து, பிள்ளைகளுக்கு 'அ' எழுதிக் காட்டுகிற சிலேட்டை எடுத்து, தலைவர் சொன்னபடியே எழுதி வாசலில் சாய்த்து வைத்தாள். கூட்டம் சிலேட்டைப் பார்த்தது. பிறகு அவளைப் பார்த்தது.

வரிசையின் முன்னால் நின்றவள் ரம்ஜான் பீவி. நெஞ்சுச்சளியில் கிடக்கிற மகனுக்கு ஊசி மருந்து வாங்க முப்பத்தெட்டு ரூபாயை எடுக்க வந்தவள். "எனக்கு எழுத்து தெரியாதும்மா. என்ன போட்டிருக்குன்னு வாசிச்சுச் சொல்லு" என்றாள்.

எழுதும்போது கை எழுதிவிட்டது. வாசிக்க வாய் வரவில்லை.  முன் அறையில் ஏதோ ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது. ஓடவும் முடியாமல், பொய்யும் சொல்ல முடியாமல், அவளை அறியாமலே வாய் திறந்தது.

"பணம் இல்லக்கா."

சகாயராணி சிலேட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"மானியம் வரல. உங்க பணத்த எடுத்துத்தான் பாலு வாங்குனோம். கம்பவுண்டருக்குக் குடுத்தோம். வாடக குடுத்தோம். எனக்கும் சம்பளம் எடுத்துக்கிட்டேன். நூத்தியெம்பத்தெட்டு ரூபாய்தான் இருக்கு. வேற இல்ல."

கூட்டத்தில் சத்தம் எழுந்தது. யாரோ அவள் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினார்கள். நாற்காலி சாய்ந்தது. எரியோட்டிலிருந்து வந்திருந்த பழனியம்மாள் பேரேட்டின் மேல் ஓங்கி அடித்தாள். "பத்து நாள்ல எம் மகளுக்குக் கல்யாணம். அறுபத்து நாலு ரூவா. பட்டினி கெடந்து போட்ட காசு. எம் புள்ளைக்குத் தாலிக்கு எவங்கிட்டப் போயி நிப்பேன்?" என்று கேட்டாள். கத்தவில்லை, கேட்டாள். அதுதான் சகாயராணியை உலுக்கியது. போலீஸ், ஜெயில் என்று இத்தனை நாள் தன்னை நினைத்தே பயந்தவளுக்கு, அப்போதுதான் அந்த அறுபத்து நாலு ரூபாய் யாருடையது என்று உறைத்தது.

சேதி கேட்டு ஒச்சம்மாளும் கிட்டங்கியிலிருந்து வந்துவிட்டாள். "நீதானடி மொதல்ல வாங்கிட்டுப் போன" என்று ஒருத்தி அவள் மேல் பாய்ந்தாள்.

"வாங்குனது வாங்குனதுதான். திருப்பிக் குடுக்க மாட்டேன்" என்றாள் ஒச்சம்மாள். சகாயராணி பக்கம் திரும்பி, "சாவியக் குடு" என்றாள்.

சகாயராணி கொடுத்தாள். ஒச்சம்மாள் பெட்டியைத் திறந்து எல்லோரும் பார்க்கத் தரையில் கொட்டினாள். எண்ணினார்கள். நூற்று எண்பத்தெட்டு சரியாக இருந்தது. போலீசுக்குப் போகலாம் என்றாள் ஒருத்தி. போலீஸ் வந்தால் இருக்கிற பணத்தையும் ஸ்டேஷனுக்கு எடுத்துப் போய்விடுவார்கள், திரும்பி வருமா என்றாள் இன்னொருத்தி. பால்காரர் பாலை நிறுத்தினால் நாளைக்குப் பிள்ளைகளை எங்கே விடுவது என்றாள் மூன்றாவது ஒருத்தி. சாயங்காலம் கிட்டங்கிச் சங்கு ஊதும் வரை பேச்சு ஓடியது. அதுவரை சகாயராணி மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவளைத் தண்ணீர் குடிக்கக்கூட யாரும் எழ விடவில்லை.

கடைசியில் அவர்களே முடிவு செய்தார்கள். பழனியம்மாளுக்கு அறுபத்து நாலு, ரம்ஜான் பீவிக்கு முப்பத்தெட்டு. மற்றவர்கள் மானியம் வரும்வரை பொறுக்க வேண்டும். மீதி எண்பத்தாறு ரூபாய் பெட்டியில் இருக்கும், சாவி ஒச்சம்மாளிடம் இருக்கும். சகாயராணி தினமும் வந்து கணக்கைக் காட்ட வேண்டும். ஒருநாள் வராவிட்டாலும் வீட்டுக்கு ஆள் வரும்.

பால்காரர் மட்டும், ஒச்சம்மாள் போய் நின்று பேசியதில், ஒரு மாசம் கடனுக்கு ஊற்றச் சம்மதித்தார்.

இருபத்து மூன்று நாள் அப்படிப் போயிற்று. காலையில் அவள் வருவதற்கு முன்பே வாசலில் நாலைந்து பேர் நிற்பார்கள். பெட்டியைத் திறந்து எண்பத்தாறு ரூபாயைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவார்கள். தபால்காரர் தெருமுனையில் தெரிந்தாலே சகாயராணி வாசலுக்கு வந்துவிடுவாள். ஐந்தாம் நாள் கண்ணுசாமி வெறுங்கையோடு திரும்பி வந்தார். "நாந்தான் சொன்னேனே, ஊரக் கூட்டாதன்னு. இனி எந்த மூஞ்சியோட நான் தெருவுல நடப்பேன்?" என்றார். அதற்குப் பிறகு அவர் அலுவலகப் பக்கம் வரவில்லை.

ஏப்ரல் இருபத்து நாலாம் தேதி மானியம் வந்தது. கேட்டது ஆயிரத்து ஐந்நூறு, வந்தது ஆயிரத்து முந்நூறு. இரண்டு நாளில் மீதி இருந்த எழுபத்தோரு பேருக்கும் பட்டுவாடா நடந்தது. பல பேர் வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு, பாதியைத் திரும்பவும் கட்டினார்கள். கட்டாமல் போனவர்களும் உண்டு. கடைசிப் புக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சகாயராணி பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

மே மாதம் ஆண்டுக் கூட்டம். அப்துல் சுக்கூர் தலைமையில் அவள் எழுந்து நின்று வருஷக் கணக்கை வாசித்தாள். வெறுமையாக விட்டிருந்த கையிருப்பு இடத்தில் அறுநூற்றுப் பதினொன்று என்று எழுதியிருந்தாள். சேமிப்பிலிருந்து அனுமதியில்லாமல் எடுத்துச் செலவழித்தது ஆயிரத்து இருநூற்று முப்பத்தைந்து ரூபாய் என்பதை ஆடிட்டர் சிவப்பு மையில் குறித்திருந்தார். அதையும் வாசித்தாள்.  தனக்கும் கணக்கில் கவனம் போதவில்லை என்று அப்துல் சுக்கூர் எழுந்து ஒப்புக்கொண்டார்.

பிறகு, சகாயராணியைக் கணக்கு வேலையில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று கைதூக்கச் சொன்னார்கள். வைத்துக்கொள்ளலாம் என்று கிட்டத்தட்ட எல்லாக் கைகளும் உயர்ந்தன. சேமிப்புப் பெட்டிக்கு இனி இரண்டு பூட்டு, ஒரு சாவி உறுப்பினர்களிடம் என்று நிபந்தனை.

வேண்டாம் என்று தூக்கிய கை ஒன்றே ஒன்று. மகளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டு வந்திருந்த பழனியம்மாளுடையது.

"எனக்கு இது மேல கோவம் இல்ல. உண்மையச் சொல்லிச்சு. ஆனா அஞ்சு மாசம் சொல்லாம இருந்துச்சுல்ல. அத எப்புடி மறக்க?" என்றாள்.

 அந்த இடத்தில் நான் இருந்தால் நானும் அப்படித்தான் கை தூக்கியிருப்பேன் என்று சகாயராணிக்குத் தோன்றியது. கூட்டம் கலைந்ததும் எரியோடு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பழனியம்மாள் வேகமாக நடந்தாள். சகாயராணி பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போனாள்.  பஸ் நகர்ந்தபோது பழனியம்மாள் ஜன்னல் வழியே, "ஒழுங்காச் சாப்புடு. எலும்பும் தோலுமா நிக்கிற" என்றாள்.