பூட்டிய வீடுகளின் பதில்

செந்துறைக்கு மேற்கே இருந்த அந்த ஊரில், வடக்கத்தியாருக்கு வீடில்லை என்று யாரும் சொல்வதில்லை, கொடுப்பதும் இல்லை. "ஓனரு வெளிநாட்டுல இருக்காரு, கேட்டுச் சொல்றோம்" என்று அனுப்பிவிட வேண்டும். கேட்கவும் மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்ததால், எல்லோருக்கும் அந்தப் பதில் கைகொடுத்தது.

மலர்க்கொடியும் சபிதாவிடம் இருமுறை அதையே சொல்லியிருந்தாள். ஒடிசாவிலிருந்து வந்த சபிதா எட்டு மாதக் கர்ப்பிணி. அவள் கணவன் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கூலி. அவர்களுடைய தகரக் கொட்டகைக்குள் மழைத்தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. மலர்க்கொடியின் மாமியார் இருந்த பக்கத்து ஓட்டு வீடோ, அவர் இறந்தபின் காலியாகவே கிடந்தது.

அன்று மலர்க்கொடியின் கணவன் அறிவரசன் கிரேக்கத்திலிருந்து போனில் பேசினான். அங்கே தக்காளித் தோட்டத்தில் வேலை.

"இன்னுமா பிளாஸ்டிக் கூடாரத்துல இருக்கீங்க? ரூம் பாக்குறேன்னீங்களே?"

"ஊரே காலி மலரு. இந்த ஊருக்காரங்க பசங்கல்லாம் ஜெர்மனிக்குப் போயிட்டானுவ. பள்ளிக்கூடத்துல ஒம்பது புள்ளைவ. அதுல ஆறு, வெளிநாட்டுலேர்ந்து பொழைக்க வந்தவங்க புள்ளைவ. நாங்க பறிக்கலன்னா தக்காளி செடியிலயே அழுவிப்போவும். ஆனா வூடு மட்டும் கெடையாது."

"என்னதான் சொல்றாங்க?"

"ஒரு பெரியவர்கிட்ட கேட்டேன். அவரு தாத்தா நூறு வருசத்துக்கு முன்னால துருக்கியிலேர்ந்து கடல் தாண்டி அகதியா வந்தவராம். துருக்கி வித்துன்னு ஊரே வஞ்சுதாம். சொல்லி அழுதாரு மனுசன். கண்ணத் தொடச்சிக்கிட்டு, 'வூடு மவன் பேர்ல இருக்கு, கேட்டுச் சொல்றேன்'னாரு. நாலு மாசமாச்சு."

அந்தப் பெரியவரைத் திட்ட வாயெடுத்தாள் மலர்க்கொடி. முகம் எரிந்தது. அந்தப் பொய் அவளுக்கு மனப்பாடம்.

மாலையில் மளிகைக் கடை வாசலில் சபிதா வழிமறித்தாள். முழங்கால்வரை சேறு.

"அக்கா, வூடு கேட்டாச்சா?"

கடைப் பெஞ்சில் இருந்த பாலசுந்தரம் சிரித்தார். கணவன் வழியில் மலர்க்கொடிக்கு மாமா முறை. "கேட்டுச் சொல்றேன்னு சொல்லும்மா. ஒண்ண வுட்டா ஒம்பது வரும். அப்புறம் ஊரு நம்ம ஊரா இருக்காது."

"சிங்கப்பூர்ல ஒங்க மவன் எத்தன பேரோட ஒரே ரூம்ல படுத்துக் கெடக்கான் மாமா? அது மட்டும் அவன் ஊரா?"

மலர்க்கொடி தெருக்கோடிவரை கேட்கும்படி குரலை உயர்த்தினாள்.

"சபிதா, நான் யாரையும் கேக்கல. ரெண்டு தடவையும் பொய்தான் சொன்னேன். இங்க எல்லாரும் பொய்தான் சொல்றாங்க. எங்க வூடு காலியாத்தான் கெடக்குது. ஒம் புருசனக் கூட்டிக்கிட்டு இப்பவே வா."