சாம்பலுக்குள்ள கெடந்த கிராங்க்

எங்க அண்ணன் அப்புசாமி மேல எனக்குப் பாசம் இல்லைன்னு ஆராச்சும் சொன்னா அவங்களை நான் சும்மா உடமாட்டேன். ஆனா அந்த ஆயுத பூசையன்னைக்கு அவரை நாலு சாத்து சாத்தலாமான்னு இருந்துச்சுங்க எனக்கு.

அண்ணனுக்குப் பரமத்தி வேலூர்ல வெத்தலைக் கொடிக்கால். நல்லா தளதளன்னு இலை பறிக்கற பருவம். எம்பத்திரண்டுல மழை ஏமாத்திருச்சு, வாய்க்கால்லயும் தண்ணி உடலை. கெணத்துல மட்டும் கொஞ்சம் தண்ணி கெடந்துச்சு. அந்த நேரம் பாத்து ஆயில் இன்ஜின் நின்னு போச்சு, உள்ளார சுத்தற தண்டு, கிராங்க் ஷாப்ட், தேஞ்சு போயிருச்சு. கொடி பச்சப்புள்ளையாட்டம், தண்ணி இல்லீனா ஒரு வாரம் தாங்காது. மறுபடி நட்டு இலை கிள்றதுக்கு வருசக்கணக்காகும். அண்ணி செல்லாயி குடத்துல மோந்து மோந்து ஊத்திக்கிட்டுக் கெடந்தாங்க. புதுக் கிராங்க் வாங்கலாம்னா கோயமுத்தூர் கடைக்காரங்க பூசை முடிஞ்சு நாலஞ்சு நாள் கழிச்சுத்தான் தெறப்பாங்க. அக்கம்பக்கத்து இன்ஜினெல்லாம் அவங்கவங்க கெணத்துல ஓடிக்கிட்டிருக்குது. பூசைக்கு முந்தின நாள் அண்ணன் கிராங்கைச் சாக்குல சுத்தித் தோள்ல போட்டுக்கிட்டு எங்க பட்டறைக்கு வந்துட்டார்.

எங்க ஊட்டுக்காரர் கண்ணுசாமி நாமக்கல்ல வெல்டிங், லேத் பட்டறை போட்டிருந்தார். அதுக்கு முன்னால பெங்களூருல ஏரோப்ளேன் ரிப்பேர் ஷெட்டுல வேலை. ப்ளேன் எறங்கறப்ப சக்கரத்தைத் தாங்கற காலு தேஞ்சு போனா, அது மேல உருக்கை உருக்கி ஏத்தி, கடைஞ்சு, பழைய அளவுக்குக் கொண்டுவாரதுதான் அவர் வேலை. ஊருக்குள்ள அவர் பேரே ஏரோப்ளேன்காரர்தான். ஒருக்காகூட ப்ளேன்ல ஏறுனதில்லைங்கறது எனக்கு மட்டுந்தான் தெரியும்.

அவர் சொல்லுவார், சாதா இரும்பு எதையும் பொறுத்துக்கும், கெட்டி உருக்கு அப்படி இல்லை, ரோசம் ஜாஸ்தின்னு. வெல்டிங் வெக்கறதுக்கு முன்னால சூடு காட்டோணும். வெச்ச பொறகு சட்டுனு ஆறக்கூடாது, ஆறுனா வெடிப்பு உட்டுரும். அதுக்குன்னே பாதி டிரம்முல சூடான உமிச்சாம்பல் வெச்சிருப்பார். அன்னைக்கும் கிராங்கைக் கரியில காச்சி, தேஞ்ச எடத்துல சுத்திச் சுத்தி ஏத்தி, சாம்பலுக்குள்ள பொதைச்சார். நாளைக்குப் பொழுதோட, இருட்டுக் கட்டறப்ப எடுத்துக்கலாம், அதுவரைக்கும் ஆரும் தொடக்கூடாதுன்னு கண்டிசனாச் சொல்லிட்டார்.

மக்கா நா, மறுநாள் காலையில பூசை. பட்டறையக் கழுவி, லேத்து, வெல்டிங் செட்டு, சுத்தியல், திருப்புளி எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சோம். நான் அடுப்படியில பொங்கலைக் கிண்டிக்கிட்டு இருந்தேன், அவர் தேங்காய் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அண்ணனுக்கு மனசு கேக்கலை. ஊரே ஆயுதத்தைக் கும்புடறப்ப, சோறு போடற இன்ஜினோட கிராங்கு மட்டும் சாம்பலுக்குள்ள பொட்டில்லாமக் கெடக்கறதான்னு நெனைச்சிருக்கார். தோண்டி எடுத்து, மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவி, பொட்டு வெச்சு, வாழையெலையில நடுநாயகமா வெச்சுட்டார். உள்ள இன்னும் நல்ல சூடு. தண்ணி பட்டதும் சுர்ருனு ஆவி பறந்துச்சாம். சாமி சந்தோசப்படுதுன்னு நெனைச்சுக்கிட்டாராம்.

எங்க ஊட்டுக்காரர் தேங்காயோட வந்து பாத்தார். கற்பூரம் காட்டி முடிச்சு, கிராங்கு மேல மண்ணெண்ணெய் தடவித் தொடைச்சு, சாக்பீஸ் பொடியத் தூவுனார். கொஞ்ச நேரத்துல வெள்ளைப் பொடியில மசுரு மாதிரி ஒரு கோடு ஈரமா எந்திரிச்சு வந்துச்சு. வெடிப்பு. இதை மாட்டுனா ஓடற ஓட்டத்துல ஒடைஞ்சு இன்ஜினே போயிரும்னார்.

அண்ணன் அப்படியே குத்த வெச்சு ஒக்காந்துட்டார். முழுசையும் சீவி எடுத்துப்போட்டு மறுபடி ஏத்தோணும். ஆனா பூசை போட்ட ஆயுதத்தை அன்னைக்கு ஆரும் தொடறதில்லை. எங்க பட்டறையில ஒரு வருசம்கூட அது தவறுனதில்லை. இவர் வெல்டிங் செட்டையும் என்னையும் மாத்தி மாத்திப் பாக்கறார். அண்ணனோ தலையக் குனிஞ்சமேனிக்கே, வேண்டா மாப்ள, தப்புப் பண்ணுனவன் நான், கொடி காஞ்சாக் காயட்டும், உங்க பட்டறைக்குச் சாமி குத்தம் வரவேண்டாம்னார்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோவம் வந்துச்சோ. நேராப் போயி வெல்டிங் செட்டு மேல கெடந்த மாலைய எடுத்து ஆணியில மாட்டுனேன்.

"சாமி கோவிச்சுக்கிட்டா எங்கிட்ட அனுப்பி உடுங்க, நான் பதில் சொல்லிக்கறேன். நீங்க வேலையப் பாருங்க"ன்னேன்.

அவர் கண்ணாடிய மாட்டிக்கிட்டு, வெடிச்சதைச் சீவிப்போட்டு மறுபடி ஏத்துனார்.

இந்தத் தடவை சாம்பலை அண்ணனே அள்ளி மூடுனார். மூடிட்டு டிரம்முக்குப் பக்கத்துலயே பாயைப் போட்டுக்கிட்டார். குடிக்கத் தண்ணி கொண்டு போனா, அக்கட்டயே தள்ளி வெய்யி அம்மிணிங்கறார். சோத்துத் தட்டத் தொடவே இல்லை. மறுநாள் பொழுதோட இவர் எடுத்து மண்ணெண்ணெய் தடவி, பொடி தூவிப் பாத்தார். வெள்ளை வெள்ளையாவே இருந்துச்சு. அப்பறந்தான் லேத்துல ஏத்திக் கடைஞ்சு மழமழன்னு ஆக்கிக் கொடுத்தார்.

மக்கா நா மூணு பேரும் பஸ்ஸு புடிச்சுப் பரமத்தி வேலூர் போனோம். ஓரத்துக் கொடியெல்லாம் தொங்கிப்போச்சு, நடுவுல இன்னும் பசுமை இருந்துச்சு. கிராங்கை மாட்டிச் சுத்துனதும் இன்ஜின் ரெண்டு இருமு இருமிட்டு ஓட ஆரம்பிச்சுது. தண்ணி வரிசை வரிசையாப் பாஞ்சுது. அண்ணன் கூடவே நடந்தார், கடைசி வரிசை நனையற வரைக்கும் திரும்பிப் பாக்கலை.

அப்பறம் வரப்புல வந்து ஒக்காந்து, சின்னப்பையன் கணக்கா என்னை நிமிந்து பாத்தார்.

"அம்மிணி, பசிக்குது. சோறு இருக்குதா?"

நான் அழுதுக்கிட்டேதான் பரிமாறுனேன். மூணு தடவை வாங்கித் தின்னார்.