வெள்ளைமேல் வெள்ளை

பல்வலியோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்குப் படம் காட்டலாம் என்பது இளையவளுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை.

அவளுடைய அக்காவின் கணவர் பல் டாக்டர். அக்கா உள்ளே அவருக்குக் கையுதவிக்கு நிற்பாள். இளையவளுக்கு வெளியே மேசை. வருகிறவர்களிடம் பேர் கேட்பாள், எந்தப் பக்கம் வலி என்று கேட்பாள், உட்காருங்கள் என்பாள். உட்கார்ந்தவர்களுக்கு நேர் எதிரே அகலமான ஒரு வெள்ளைச் சுவர், அதற்குப் பக்கத்தில் பெரிய ஜன்னல். அந்தச் சுவரைத்தான் அவள் தனக்கென்று பிடித்து வைத்திருந்தாள்.

மாதத்துக்கு ஒரு படம். வரைந்தவர் இப்போது வரைந்துகொண்டிருக்கிற ஆளாக இருக்க வேண்டும், இன்னும் யாருக்கும் பேர் தெரியாத ஆளாக இருக்க வேண்டும். இது அவளே போட்ட சட்டம். ஓவியக் கல்லூரியில் கண்காட்சி என்றால் கூட்டம் மொய்க்கும் நடுக்கூடத்தைத் தாண்டிப் போய், கழிப்பறைக்குப் போகிற வழியில் மாட்டியிருப்பதன் எதிரே நின்றுகொள்வாள். அந்த இடத்தில் தொங்குகிற படத்துக்கு வேண்டியவர்கள் யாரும் இருக்கமாட்டார்கள். அப்படித்தான் பேருந்து இருக்கைகளின் முதுகை மட்டும் வரைகிற ஒருவனைப் பிடித்தாள். கிழிந்த குடைத்துணிகளைச் சேர்த்துத் தைத்துக் கடல் செய்கிற ஒருத்தியைப் பிடித்தாள்.

அவளுக்கு வரைய வராது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாலும் கோணிக்கொள்ளும்.

"கோடு போடத் தெரியாதவளுக்கு இதெல்லாம் எதுக்குடி?" என்று அக்கா ஒருமுறை கேட்டாள்.

"எல்லாரும் வரைஞ்சுக்கிட்டே இருந்தா யாருக்கா பாக்கறது?"

அக்கா பஞ்சு எடுக்க உள்ளே போய்விட்டாள்.

இந்த மாதப் படத்தைக் கொண்டுவந்தவள், கல்லூரியை முடித்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு நெட்டைப் பெண். படமும் அவள் உயரத்துக்கு நீளமாக இருந்தது. ஒரு பழைய படுக்கை விரிப்பில் சுற்றிப் பேருந்திலேயே தூக்கி வந்திருந்தாள். நடத்துனர் அதற்கும் சீட்டு வாங்கச் சொன்னாராம்.

"யாருக்கா பாப்பாங்க இங்க?" என்று சுற்றுமுற்றும் பார்த்துக் கேட்டாள்.

"பல்வலிக்காரங்க."

"பாப்பாங்களா?"

"கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. கண்ணு சும்மாதானே இருக்கும்."

நெட்டை சிரித்தாள். ஆனால் ஆணியில் படம் ஏறியதும் முகம் வாடிவிட்டது. தன் படத்தை வெளியிடத்தில் பார்க்கிற எல்லோருக்கும் வருகிற வாட்டம்தான் அது, இளையவளுக்குப் பழக்கம். "இதுவரைக்கும் இதைப் பத்தி யாருமே எங்கிட்ட ஒண்ணும் கேட்டதில்லக்கா. நல்லாருக்குன்னு சொல்லுவாங்க, போயிடுவாங்க" என்று சொல்லிவிட்டு நெட்டையும் போனாள். விரிப்பை நாற்காலியிலேயே விட்டுவிட்டாள்.

அந்த விரிப்பேதான் படத்திலும் இருந்தது. இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து ஒரு வெள்ளை விரிப்பை மடிக்கப் போகிறார்கள். ஆட்கள் தெரியமாட்டார்கள். இந்த ஓரத்தில் இரண்டு கை, அந்த ஓரத்தில் இரண்டு கை, நடுவில் தொய்ந்து தொங்கும் துணி. அவ்வளவுதான். ஆனால் அந்தத் தொய்வில் எத்தனை மடிப்பு, ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு நிறம். கிட்டே போனால் இளம்பச்சை, தேய்ந்த ரோஜா, பால் கலந்த ஊதா. இரண்டடி தள்ளி வந்தால் எல்லாம் வெள்ளைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். இடது பக்கத்துக் கைகள் கொஞ்சம் அவசரப்படுவதும், வலது பக்கத்துக் கைகள் இருடி என்று இழுத்துப் பிடிப்பதும்கூடத் தெரிந்தது. தானும் அக்காவும் இப்படித்தான் மடிப்போம் என்று இளையவள் நினைத்துக்கொண்டாள்.

அத்தான் வெளியே வந்தார். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"என்ன இது?"

"படம், அத்தான்."

"எங்க? என் சுவரே வெள்ளை. அதுமேல நீ ஒரு வெள்ளையை மாட்டி வெச்சிருக்கே. வெள்ளைமேல வெள்ளை. இதுக்கு ஆணி ஒரு கேடு."

"கிட்ட வந்து பாருங்க."

"கிட்ட வந்து பாக்கறதுதான் எனக்கு நாள் முழுக்க வேலை." அவர் மேசைமேல் சாய்ந்துகொண்டார். "இதோ பாரு குட்டி, சனிக்கிழமை டிவி வருது. அந்தச் சுவத்துலதான். பல் எப்படி விளக்கணும்னு படம் ஓடும், நாலு பேருக்குப் புத்தி வரும். உன் படங்களை ஒரு வருஷமா பொறுத்துக்கிட்டேன். ஒருத்தராவது அதைப் பத்திக் கேட்டிருக்காங்களா?"

இளையவள் யோசித்துப் பார்த்தாள். கேட்டது இல்லை. பார்த்தார்கள், தலை சாய்த்துப் பார்த்தார்கள், அப்புறம் உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள்.

"கேட்டா?"

"என்ன கேட்டா?"

"சனிக்கிழமை டிவி மாட்டறதுக்குள்ள இந்தப் படத்தைப் பத்தி ஒருத்தராவது தானா வந்து கேட்டா, சுவர் எனக்கு. டிவி வேற எங்கயாவது போகட்டும்."

அத்தானுக்குப் பந்தயம் என்றால் உற்சாகம் வந்துவிடும். "சரி. ஆனா நீ வாயைத் திறக்கக் கூடாது. கண்ணைக் காட்டக் கூடாது. படத்துக்குக் கீழ போய் நின்னுக்கிட்டு இருமக் கூடாது."

"சரி."

"உங்கக்காதான் சாட்சி."

"என்னை ஏன் இழுக்கறீங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அந்த வாரம் முழுக்க வந்தவர்கள் எல்லாவற்றையும் கேட்டார்கள். கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். வைஃபைக்குக் கடவுச்சொல் கேட்டார்கள். டாக்டர் கோபக்காரரா என்று ரகசியமாகக் கேட்டார்கள். ஒருவர் படத்தின் எதிரில் வெகுநேரம் நின்றார். இளையவள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். அவர் படத்தின்மேல் இருந்த கண்ணாடியில் தன் வீங்கிய கன்னத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அன்று சாயங்காலமே அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். வாயைத்தான் திறக்கக் கூடாது, கண்ணாடியைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

ஒரு அம்மாள் படம் கோணலாக இருக்கிறது என்று எழுந்து போய் நேராக்கினாள். உண்மையில் அப்போதுதான் கோணலானது.

வெள்ளிக்கிழமை ஒரு கார் மெக்கானிக் வந்தார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தவர் நேராகப் படத்தைப் பார்த்துக் கை நீட்டினார். மரத்துப்போன வாயோடு மேசைப் பக்கம் திரும்பி, "ங்ங்ஆ... ஊ... ஏ?" என்றார். மறுபடியும் கை நீட்டினார். மறுபடியும் "ஊ ஏ?"

கேள்விதான். தூக்கிக் கேட்ட குரல் கேள்வியல்லாமல் வேறென்ன? இளையவள் முகமெல்லாம் பல்லாகத் தலையை ஆட்டினாள். அவர் கையை உதறிவிட்டுப் போய்விட்டார்.

"கேட்டுட்டாரு அத்தான்."

"என்ன கேட்டாரு?"

"படத்தைக் காட்டி ஏதோ கேட்டாரு."

"பல்லைப் பிடுங்கினதும் எல்லாரும் அப்படித்தான் உளறுவாங்க. அதெல்லாம் கணக்குல வராது."

வழக்கு சாட்சியிடம் போனது. அக்கா கையுறையைக் கழற்றியபடி யோசித்தாள். "நாளைக்கு எப்படியும் வலி இருக்கான்னு போன் பண்ணுவோம்ல. அவரே தானா சொன்னா சரி. நீயா கேக்காதே."

காலையில் இளையவள் போன் செய்து வலி எப்படியிருக்கிறது என்று மட்டும் கேட்டாள்.

"வலி கிடக்கட்டும்மா" என்றார் மெக்கானிக். "அந்த வெள்ளைப் படத்துக்குக் கீழ நாற்காலில வண்டிச் சாவியை விட்டுட்டேன். அங்க காணோமே, எடுத்து வெச்சிருக்கீங்களான்னு எத்தனை தடவை கையை நீட்டிக் கேட்டேன். நீங்க சிரிச்சுக்கிட்டுத் தலையாட்டறீங்க. பஸ்ல வீட்டுக்குப் போனேன்."

சாவி நெட்டையின் விரிப்புக்கு அடியில் இருந்தது. அதை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு இளையவள் உட்கார்ந்தாள். சனிக்கிழமை ஆகிவிட்டிருந்தது. நெட்டையிடம் என்ன சொல்வது? உன் படத்தைப் பற்றி இங்கேயும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, போகட்டும் என்றா? இனிமேல் கழிப்பறை வழியில் நின்று ஒரு படத்தைப் பார்த்து மனம் துள்ளினால், அதை எங்கே கொண்டுபோய் மாட்டுவது?

டிவிக்காரர் ஏணியோடு வந்துவிட்டார். கூடவே ஒரு பாட்டு டீச்சரும் வந்தார். முன்பல்லுக்கு மேலுறையாகக் கேப் போட்டுக்கொண்டவர். நிறம் சேரவில்லை என்று அதை ஏற்கெனவே ஒருமுறை பல் செய்கிற லேபுக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"டாக்டர், நான் வாயைத் திறந்தா பிள்ளைங்க பாட்டை விட்டுட்டுப் பல்லைப் பாக்குதுங்க. எல்லாப் பல்லும் பல்லா இருக்கு. இது மட்டும் பாத்ரூம் ஓடு மாதிரி தனியா மின்னுது."

அத்தானுக்கு ரோஷம் வந்துவிட்டது. நிறம் பார்க்க விளக்கு வெளிச்சம் ஆகாது, பகல் வெளிச்சம்தான் வேண்டும். டீச்சரை ஜன்னலோரம் உட்கார வைத்து, உதட்டை விலக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக்கை வாயில் மாட்டினார். ஷேட் கார்டை எடுத்தார். பட்டை ஒன்றில் வரிசையாகச் செருகிய பொய்ப்பற்கள் அவை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வெள்ளை. ஒன்றை உருவி டீச்சரின் பல்லோடு வைத்துப் பார்த்தார். பிடிக்கவில்லை. இன்னொன்று.

"வெள்ளைன்னு ஒண்ணு கிடையாதுங்க டீச்சர்" என்றார். "சனங்களுக்குத்தான் அது புரியாது. ஓரத்துல சாம்பல் ஓடும். ஈறுகிட்ட மஞ்சள் இருக்கும். நடுவுல ஒரு ரோஸ். எல்லாம் சேந்துதான் வெள்ளையா தெரியுது. பாக்கத் தெரியணும்."

மேசையில் இளையவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். சொல்லவேண்டிய பதில் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது. பந்தயம் பந்தயம்தான். பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள், மாட்டினாள், கழற்றினாள்.

டிவிக்காரருக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. அளவுநாடாவை நீட்டிப் பார்த்தார். படம் இடைஞ்சலாக இருந்தது. ஆணியிலிருந்து எடுத்து, ஜன்னலோரமாக டீச்சரின் நாற்காலிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். காலை வெளிச்சம் நேராக அதன்மேல் விழுந்தது.

அத்தான் ஒரு பல்லை எடுத்து டீச்சரின் வாயருகே கொண்டுபோனார். கை பாதியில் நின்றது. டீச்சரைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். கையிலிருந்த பல்லை விரிப்பின் ஒரு மடிப்போடு ஒட்டி வைத்துப் பார்த்தார். அதை வைத்துவிட்டு வேறொன்றை உருவினார். அதையும் வைத்துப் பார்த்தார். பிறகு குனிந்தார். முழங்காலை மடித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சார், ஓட்டை போடலாமா?" என்றார் டிவிக்காரர் ஏணியிலிருந்து.

"இருங்க."

"ஆஆ" என்றார் டீச்சர் திறந்த வாயோடு.

"ஒரு நிமிஷம் டீச்சர். இந்த மடிப்பைப் பாருங்க. உங்க பல்லு ஓரம் அப்படியே இதுதான். நான் லேபுக்கு மஞ்சள்னு எழுதி அனுப்பறேன், அங்க வேண்டியது பச்சை. துளிப் பச்சை. இது எனக்குத் தோணவேயில்ல." மூக்கு படத்தில் இடிக்கும்வரை போனார். "பச்சையைப் போட்டுட்டு அது எப்படி வெள்ளையா தெரியுது? அடியில ரோஸ் ஏதாவது பூசிட்டு அதுமேல போட்டாங்களா? ஏ குட்டி, யாரு போட்டது இது?"

இளையவளின் பேனா மூடி கீழே விழுந்து உருண்டது.

உள்ளேயிருந்து தட்டோடு வந்த அக்கா வாசலிலேயே நின்றாள். "கேட்டுட்டாரு" என்றாள்.

அத்தான் நிமிர்ந்தார். தரையில் உட்கார்ந்திருப்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. "நான் கேட்டது சேராது. வர்றவங்கதான் கேக்கணும்."

"ஒருத்தராவதுன்னுதான் பேச்சு. நீங்க ஒருத்தர் இல்லையா?"

"நான் தொழிலுக்காகக் கேட்டேன்."

"தானா கேட்டீங்களா, அவ கேக்கவெச்சாளா?"

அத்தான் மச்சினியைப் பார்த்தார். அவள் உதட்டை மடித்துக்கொண்டு, கண்ணைக்கூடக் காட்டாமல், மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் தன் வாயிலிருந்த பிளாஸ்டிக்கைத் தானே உருவி எடுத்தார்.

"நானும் வந்ததுலேருந்து அதைத்தான் கேக்கணும்னு இருக்கேன். எங்க, வாயில எதையாவது மாட்டிடறீங்க."

டிவியை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அக்காவிடம் பதில் தயாராக இருந்தது. வீட்டில் இருக்கிற டிவி பாதி பச்சையாகத்தான் தெரிகிறது, அதை எப்போதோ மாற்றியிருக்க வேண்டும். டிவிக்காரர் ஏணியை மடித்துக்கொண்டு வீட்டு முகவரி வாங்கிப் போனார். படம் மறுபடி ஆணியில் ஏறியது. இந்தமுறை மாட்டியவர் அத்தான். கோணலாகத்தான் மாட்டினார்.

மத்தியானம் இளையவள் நெட்டைக்குப் போன் செய்தாள்.

"உன் படத்தைப் பத்தி ஒருத்தர் கேட்டாரு."

"யாருக்கா?"

"பல் டாக்டர்."

"நல்லாருக்குன்னாரா?"

"அது சொல்லல. மடிப்புல பச்சையைப் போட்டும் எப்படி வெள்ளையா தெரியுதுன்னு கேட்டாரு. அடியில ரோஸ் இருக்கான்னு கேட்டாரு."

அந்தப் பக்கம் நெட்டை பேச ஆரம்பித்தாள். அடியில் ரோஜா இல்லை, செங்கல் நிறம். அது முழுக்கக் காயுமுன்னே மேலே பச்சை. முதல் இரண்டு தடவை சேறாகிவிட்டது. மூன்றாவது தடவை துணியால் துடைத்து எடுத்தபோதுதான் பிடிபட்டது. மூச்சு விடாமல் சொன்னாள். ஒரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு. இளையவளுக்குப் பாதி புரியவில்லை. நடுவில் பேசாமல் போனை ஒலிபெருக்கியில் போட்டு, அத்தானின் சாப்பாட்டுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "துடைச்சப்புறம் எவ்வளவு நேரம் விட்டீங்கம்மா?" என்று குறுக்கே ஒரு கேள்வியும் போட்டார்.

அவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அக்காவும் தங்கையும் நாற்காலியில் கிடந்த விரிப்பை ஆளுக்கொரு முனை பிடித்து மடித்தார்கள். இளையவள் அவசரப்பட்டாள். அக்கா இழுத்துப் பிடித்தாள்.

"அடுத்த மாசம் யாரு?" என்று போனை வைத்துவிட்டு அத்தான் கேட்டார்.

"ஒரு பையன். அடுப்புக்கரியிலேயே வரையறான். முழுக்க முழுக்கக் கறுப்பு."

"பல் டாக்டர் சுவத்துல கறுப்பா? சொத்தைன்னு நினைச்சுக்கப் போறாங்கடி."

"பின்ன, ஒருத்தராவது வந்து கேப்பாங்கல்ல" என்றாள் இளையவள்.