மதினியின் பாகும் நாலாயிரம் ரூபாய்க் கம்பியும்

பாண்டிலட்சுமி ஃபோனில் அந்தச் சாமானைப் பார்க்க ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிவிட்டது. இதற்குள் அதைப் பற்றி அவள் தெரிந்துகொண்டிருந்த அளவுக்குக் கட்டின புருஷனைப் பற்றிக்கூடத் தெரிந்துகொண்டதில்லை. பேனா கனத்துக்கு ஒரு பிடி. அதிலிருந்து கத்தி மாதிரி நிமிர்கிற ஒரு கம்பி. கொதிக்கிற எதில் விட்டாலும் கண்மூடித் திறப்பதற்குள் எத்தனை டிகிரி என்று சொல்லிவிடும். விலை நாலாயிரத்துக்கு ஒரு ரூபாய்தான் குறைச்சல்.

"நாலாயிரமா?" ராம்குமார் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டான். "தங்கத்துலயா செஞ்சிருக்கான்?"

"ஸ்டீலுதான்."

"ஸ்டீலுக் கம்பிக்கு நாலாயிரமா! விரலை விட்டுப் பாத்தா சூடு தெரியாதாக்கும்?"

"கொதிக்கிற பாகுல விடணும். ஒங்க விரலத் தாங்க, விட்டுப் பாப்போம்."

ராம்குமார் விரல்களை மடக்கிக்கொண்டான். வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவன் ஃபோர்மேன். முப்பது பேரை அதட்டுகிறவன். வீட்டில் அதட்டல் எடுபடாது என்று கல்யாணமான மறுவாரமே தெரிந்துகொண்டவன்.

அவளுக்குக் கம்பி தேவைப்பட்டதற்குக் காரணம் அதிரசம். ஆடிப் பதினெட்டு அன்று கம்பெனியில் பூஜை போட்டு அந்த வருஷ வியாபாரத்தைத் தொடங்குவார்கள். வேலை செய்கிறவர்கள், வெளியூர் வியாபாரிகள் எல்லாருக்கும் ஆளுக்கு இரண்டு அதிரசம் கொடுப்பது வழக்கம். போன வருஷம் பாண்டிலட்சுமி தானே முன்வந்து அந்த ஆர்டரை வாங்கினாள். பாகு ஒரு பதம் கூடிவிட்டது. முதலாளிக்கு மேல்வரிசைப் பல்லுக்குப் போட்டிருந்த கேப் கழன்று அதிரசத்தோடு வந்தது. பேக்கிங் செக்‌ஷன் பெண்கள் தங்கள் பங்கைத் தரையில் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, திரி எங்கன வச்சிருக்காக?" என்று ராம்குமாரிடம் கேட்டார்கள். மழைக்காலம் வரைக்கும் அந்தப் பேச்சு ஓயவில்லை. காய்கறிக் கடையில்கூட அவளைப் பார்த்து யாராவது சிரித்தால், இவளும் கடித்தவள்தான் என்று தோன்றும்.

இந்த வருஷமும் முதலாளி அவளிடமே கொடுத்திருந்தார். ஆனால் ராம்குமாரிடம் சொல்லியும் அனுப்பியிருந்தார்: "இந்தத் தடவையும் கோளாறாச்சுன்னா, அடுத்த வருசம் ஒங்க அக்காட்டயே குடுத்துருவோம்லே."

அக்கா என்றால் சின்னத்தாய். ராம்குமாரின் உடன்பிறந்தவள், பாண்டிலட்சுமிக்கு மதினி. நாரணாபுரத்தில் இருக்கிறாள். அவளுக்கும் அவள் புருஷனுக்கும் அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில்தான் வேலை. அவள் அதிரசத்துக்கு அந்த ஊரே அடிமை. விண்டால் பஞ்சு, வாயில் போட்டால் வெண்ணெய். ஒரு நாத்தனாரிடம் தோற்பதைவிட, கடித்தவர்களுக்கெல்லாம் பல்செட் வாங்கித் தரவும் பாண்டிலட்சுமி தயார்.

காசு செலவழிப்பதற்கு முன்னால் ஓசியில் ஏதாவது நடக்குமா என்று பார்ப்பது குடும்ப வழக்கம். எதிர்வீட்டு கிருபா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி நீட்டுவார்களே, அதில் ஒன்று அவள் வீட்டில் இருந்தது.

"பாகுக்குக் காய்ச்சல் பாக்கணுமாக்கும்?" என்று கிருபா சிரித்தாள். ஆனாலும் எடுத்துக்கொண்டு வந்தாள். அடுப்பில் வெல்லப்பாகு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் குறிபார்த்து அழுத்தினாள். துப்பாக்கி சிவந்து, கீச்கீச்சென்று கத்தி, எண்ணே காட்டாமல் விட்டுவிட்டது.

"என்னக்கா சொல்லுது?"

"மனுசன்னா செத்துருப்பான்னு சொல்லுது. நாப்பத்தி மூணுக்கு மேல இதுக்கு எண்ணத் தெரியாது லட்சுமி. உன் பாகை ஐசியூல சேத்துரு."

அன்று இரவே பாண்டிலட்சுமி ஆர்டர் போட்டாள். பிடிக்காவிட்டால் பத்து நாளைக்குள் திருப்பி அனுப்பலாம் என்று போட்டிருந்ததால் ராம்குமாரும் சம்மதித்தான். "வேலைய முடிச்சுட்டு அனுப்பிருவோம். கம்பி என்ன தேஞ்சா போயிரும்?" என்றான். அவன் யோசனைகள் எல்லாமே இந்த மாதிரிதான்.

கம்பி வந்தது. பளபளவென்று இருந்தது. நிமிர்த்தியதும் கீச்சென்று ஒரு சத்தம் போட்டு விழித்துக்கொண்டது. கொதிக்கிற தண்ணீரில் விட்டாள்: நூறு. மோரில் விட்டாள், ராம்குமாரின் சாம்பாரில் விட்டாள், வாசலில் படுத்திருந்த நாயின் பக்கம் போனபோது அது எழுந்து போய்விட்டது. எல்லாம் சரியாகத்தான் சொன்னது. பாகிலும் சரியாகத்தான் சொன்னது. நூற்று நாலு, நூற்று எட்டு, நூற்றுப் பன்னிரண்டு என்று கடகடவென ஏறிக்கொண்டே போனது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எந்த எண்ணில் இறக்குவது?

வீடியோக்களைப் பார்த்தாள். ஒருத்தி நூற்றுப் பத்து என்றாள். இன்னொருத்தி நூற்றிருபது என்றாள். மூன்றாவது அம்மாள், "உங்க மனசுக்குத் தோணும்போது இறக்குங்க" என்றாள். பாண்டிலட்சுமி மனசுக்குத் தோன்றியது அந்த அம்மாளை அறைய வேண்டும் என்று.

நூற்றுப் பத்தில் இறக்கி மாவு கிளறிப் பார்த்தாள். அதிரச மாவு கிளறிய உடனே சுட வராது. மூன்று நாளாவது ஊற வேண்டும். மூன்று நாள் பொறுத்து எண்ணெயில் போட்டால் தேர்தல் முடிந்த கூட்டணி மாதிரி தனித்தனியாகப் பிரிந்து போனது. இப்படி ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆடி போய் ஆவணி வந்துவிடும்.

"நம்பர் சொல்லுது, எது சரியான நம்பருன்னு சொல்ல மாட்டேங்குது" என்றாள்.

"அப்பம் அனுப்பிருவோமா?" ராம்குமார் ஆவலாகக் கேட்டான்.

"இருங்க. சரியான பாகு எங்கன இருக்கோ, அங்கன விட்டுப் பாத்துட்டு அனுப்புவோம்."

"எங்கன இருக்கு?"

"ஒங்க அக்கா வீட்ல."

ராம்குமாரின் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே பாவமாக இருந்தது. ஏனென்றால் பாகு காய்ச்சுகிற நாளில் சின்னத்தாய் யாரையும் அடுப்படிக்குள் விடமாட்டாள். கண் பட்டுவிடுமாம். கட்டின புருஷன் பாண்டிராஜுக்கே அன்றைக்கு முன்னறையில்தான் காபி. ஆனால் அவள் பாகு காய்ச்சும் நாள் ஊருக்கே தெரியும், அவளே சொல்லிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் நாரணாபுரம் போனார்கள். வயர்கூடையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பழத்துக்கு அடியில் துண்டில் சுற்றின கம்பி. வீட்டுக்குள் வெல்ல வாசனை கமகமத்தது. அடுப்படி வாசலில் பாதிக் கதவை மூடிக்கொண்டு, கையில் நீளக் கரண்டியோடு சின்னத்தாய் நின்றாள்.

"வாங்க வாங்க. சாப்பிட்டீகளா? ஏ லட்சுமி, அங்கனயே உக்காரு. பாகு பதத்துக்கு வந்துருச்சு, இப்பம்தான் அடுப்ப அணைச்சேன். கொதிக்குது, கிட்ட வராத."

"இல்ல மதினி, சும்மா எட்டிப் பாத்துட்டு..."

"எட்டிப் பாக்குற கண்ணுதாம்ளா மோசமான கண்ணு."

பாண்டிராஜ் நாற்காலி எடுத்துப் போட்டார். மழை வருமா, சீசனுக்கு ஆர்டர் எப்படி என்று ஆண்கள் இருவரும் பேசத் தொடங்கினார்கள். பாண்டிலட்சுமி கூடைக்குள் கையை விட்டு, துண்டை மெதுவாகப் பிரித்தாள். மதினி கொல்லைக்குப் போகிற ஒரு நிமிஷம் கிடைத்தால் போதும். தயாராக இருக்கலாமே என்று கம்பியைக் கொஞ்சம் நிமிர்த்தினாள்.

கீச்!

பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. பேட்டரி போட்ட எதுவுமே கூடாது. எல்லாம் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதையும் மீறி உள்ளே ஏதாவது கீச்சென்றால், யாருடையது என்று பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. முதலில் வெளியே ஓட வேண்டும், விசாரணை எல்லாம் அப்புறம். இதைப் பத்து வருஷம், இருபது வருஷம் பழகின கால்கள் அந்த வீட்டில் மூன்று ஜோடி இருந்தன.

"செல்லு!" என்று கத்திக்கொண்டு சின்னத்தாய் கொல்லை வழியாகப் பாய்ந்தாள். பாண்டிராஜ் நாற்காலியைத் தள்ளிவிட்டு வாசல் வழியாகப் பாய்ந்தார். இரண்டு பேரையும் முந்திக்கொண்டு தெருமுனைப் புளியமரத்துக்குப் போய்ச் சேர்ந்தவன் ராம்குமார். அந்தச் சத்தத்தை வீட்டில் நாலு நாளாகக் கேட்டவன்தான். "எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியலையே" என்று பிற்பாடு சொன்னான்.

பாண்டிலட்சுமி விருதுநகர்க்காரி. அப்பா மளிகைக்கடை. பட்டாசுக் கம்பெனிக்குள் அவள் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. அவள் கால்களுக்கு எந்தப் பழக்கமும் கிடையாது. அதனால் அவள் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு விநாடி திகைத்தாள். பிறகு கம்பியை முழுசாக நிமிர்த்திக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தாள்.

அடுப்பின் மேல் பெரிய உருளி. உருளி நிறையப் பாகு. கம்பியை விட்டாள்.

முப்பத்திரண்டு.

உதறிவிட்டு மறுபடியும் விட்டாள். முப்பத்திரண்டு. நாலாயிரம் ரூபாய்ச் சாமான் நாலு நாளில் கெட்டுப்போனதா? பயந்துகொண்டே விரலை விட்டாள். விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பச்சைத்தண்ணீரில் கரைத்த வெல்லம். அடுப்புப் பற்றவே இல்லை. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் வெல்லத்தைச் சூடத்துண்டு வைத்து மதினி கருக்கியிருந்தாள். வாசனை அங்கிருந்துதான் வந்தது. கீழே சாக்கை விலக்கினால் அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் காரியாபட்டியில் ஒரு மிட்டாய்க்கடையின் பெயர். உள்ளே பஞ்சு மாதிரி அதிரசம்.

சின்னத்தாய் கொல்லைக் கதவில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மதினி, வருசா வருசம் காரியாபட்டிக்குக் கல்யாணத்துக்குப் போறீகளே..."

"சத்தம் போடாதளா!"

"ஒரே பொண்ணுக்கா மூணு வருசமும் கல்யாணம்?"

சின்னத்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு எங்கன பதம் வருது? ஒரு தீவாளிக்கு எப்படியோ நல்லா வந்துருச்சு. ஊரே கையப் பிடிச்சுட்டுப் புகழ்ந்துட்டாக. மறுவருசம் ஒண்ணுகூட வரல. என்ன செய்யச் சொல்லுத? கை போயிருச்சுன்னு தண்டோரா போடவா?"

பாண்டிலட்சுமிக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. போன வருஷம் இவளை நினைத்து எத்தனை நாள் தூங்காமல் புரண்டிருக்கிறாள்! போட்டி போட்டது ஒரு மனுஷியோடுகூட இல்லை, காரியாபட்டி மிட்டாய்க்கடையோடு. இப்போதே வாசலுக்குப் போய் நாலு வார்த்தை சொன்னால் போதும், நாரணாபுரம் முழுக்கப் பரவிவிடும். ஆனால் அதனால் ஆடிப் பதினெட்டுக்கு ஒரு அதிரசமும் வெந்துவிடாது.

"எந்திரிங்க மதினி. எங்கூட வந்து மாவு கிளறுங்க. வரலன்னா வாயத் தொறந்துருவேன்."

"அதென்னளா கையில?"

"ஒங்களக் காட்டிக் குடுத்த சாமான்."

அன்று மத்தியானம் பாண்டிலட்சுமி வீட்டில் இரண்டு பேரும் ஏழு சின்னச் சட்டிகளை வரிசையாக வைத்தார்கள். யோசனை ராம்குமாருடையது. வாழ்நாளில் அவன் சொன்ன ஒரே உருப்படியான யோசனை. புது மருந்துக் கலவை என்றால் கம்பெனியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பல சாம்பிள் போட்டு, ஒரே நாளில் வெளியே வெடித்துப் பார்ப்பார்களாம். "மூணு மூணு நாளா ஒவ்வொண்ணா எதுக்குக் காத்துக் கெடக்க? அம்புட்டையும் ஒண்ணா ஊறப் போடு" என்றான். ஒவ்வொரு சட்டிப் பாகையும் வெவ்வேறு எண்ணில் இறக்கி, மூடியில் எண்ணை எழுதினார்கள். சின்னத்தாய் கிளறினாள், பாண்டிலட்சுமி கம்பியைப் பிடித்தாள். நடுவில் சண்டையும் நடந்தது.

மூன்று நாள் கழித்துச் சுட்டார்கள். முதல் இரண்டு எண்ணெயில் கலைந்தன. கடைசி இரண்டையும் நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. நடுவில் நூற்றுப் பதினாலு என்று எழுதின சட்டியிலிருந்து தட்டிப் போட்டது மெதுவாக உப்பி, ஓரம் சிவந்து மிதந்தது. சின்னத்தாய் விண்டு வாயில் போட்டாள். இரண்டாவதை எடுத்தாள்.

"நம்பர் கெடச்சிருச்சுல்ல? இன்னைக்கே திருப்பி அனுப்பிருவோம். இன்னும் ரெண்டு நாள்ல கெடு முடியுது" என்று ராம்குமார் கம்பியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைக்கப் போனான்.

"ஏலே, வைடா கீள!" சின்னத்தாய் வாயில் அதிரசத்தோடு அதட்டினாள். "நம்பர் தெரிஞ்சா ஆச்சா? அந்த நம்பர் வந்துருச்சான்னு உன் மூஞ்சியா சொல்லும்? பாதி ரூவா நான் தாரேன். தீவாளிக்கு எனக்கு, ஆடிக்கு அவளுக்கு."

பாண்டிலட்சுமி பெட்டியை வாங்கி அடுப்படி மேல்தட்டில் வைத்தாள். வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்த ஒரு வாரத்தில் பாதியை மதினி வீட்டுக்கு முதலிலேயே போகச் செலவழித்திருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் கம்பி இல்லாமல் போயிருந்தால் வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டுக் காபி குடித்துவிட்டுத்தான் திரும்பியிருப்பாள்.

ஆடிப் பதினெட்டு அன்று காலையில் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக் கம்பெனிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். உள்ளே பூஜை மணி அடித்தது. அவள் உள்ளே போகவில்லை. போன வருஷத்துச் சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்று நகத்தைக் கடித்தாள். அரை மணி கழிந்தது. ஆட்கள் கலைந்து வரத் தொடங்கினார்கள். யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. யாரும் எதுவும் சொல்லவுமில்லை, தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போனார்கள்.

கேட் காவலாளி சுடலையிடம் போனாள். வெளியே போகிறவர்கள் மருந்தோ சரக்கோ கொண்டுபோகாமல் சோதித்து அனுப்புவது அவர் வேலை.

"அண்ணாச்சி, அதிரசம் எப்படின்னு யாராச்சும் எதாவது சொன்னாகளா?"

"சொல்லுறதுக்கு வாய் சும்மாவா இருந்துச்சு?" சுடலை குரலைத் தாழ்த்தினார். "ஆளுக்கு ரெண்டுன்னு கணக்கு. இன்னைக்கு எட்டுப் பேர் முந்தானையில அஞ்சு, ஆறுன்னு முடிஞ்சு வச்சுக் கடத்திட்டுப் போறாளுக. இத்தன வருச சர்வீசுல மருந்து பிடிச்சிருக்கேன், வெடி பிடிச்சிருக்கேன், அதிரசம் பிடிச்சது இதான் மொதத் தடவ."

"அய்யய்யோ! பிடிச்சு மொதலாளிட்ட சொல்லிட்டீகளா?"

"எதுக்கு?" என்ற சுடலை வாயைத் துடைத்துக்கொண்டார். "ஆளுக்கு ஒண்ணு வாங்கிட்டு விட்டுட்டேன்."