பழுப்பாகத் தெரிந்த பிள்ளை

பிலிப்பைன்ஸின் குயிமாராஸ் தீவு மருத்துவச்சி நெனிதா காலை முதல் படகிலேயே இலோயிலோ நகருக்கு வந்து சேர்ந்தாள். தூக்கி வந்த ஐந்து நாள் குழந்தையை வார்டில் சேர்த்துவிட்டு, நேராக மருத்துவமனையின் கணினி அறைக்குள் நுழைந்தாள்.

"முந்தாநாளே படம் அனுப்பினேன். நிறம் சாதாரணமாத்தான் இருக்கு, பயப்படாதீங்கன்னு டாக்டர்கிட்டேருந்து பதில் வருது. பிள்ளை மஞ்சளா துவண்டு கிடக்குது! உங்க பெட்டிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

கணினிப் பிரிவில் வேலை பார்த்த மரிவிக்குக்குக் காரணம் தெரியும். அதனால்தான் உடம்பெல்லாம் எரிந்தது. மருத்துவர்களின் செயலிகள் எல்லாம் மத்திய சர்வரில் ஓடின. எந்தச் செயலியைச் சேர்த்தாலும் இருநூற்றைம்பத்தாறு நிறத்தோடு மட்டும் திறக்கும்படி வைத்தவர் பிரிவுத் தலைவர் வில்லாரூஸ். தீவுகளுக்குப் போகும் இணைய லைன் திணறாது என்பது அவர் வாதம். மருந்துப் பட்டியலுக்கு அது தாராளம். தோலின் படத்திலோ காமாலையின் மஞ்சளும் பழுப்பும் ஒரே திட்டாகிவிடும். ஐந்து மாதம் முன்பே எழுதிக் கொடுத்திருந்தாள். "பார்க்கலாம்" என்று திரும்பி வந்தது.

அதே படத்தை இரண்டு திரைகளில் திறந்தாள்.

"சார், இங்க வாங்க."

"மீட்டிங் இருக்கு, இண்டாய்," என்றார் வில்லாரூஸ், சின்னப் பெண்ணை அழைப்பதுபோல.

"மீட்டிங்கை மூட்டை கட்டி வைங்க. வந்து பாருங்க!"

அவர் வந்தார். சர்வர் வழியாக வந்த படத்தில் பழுப்புக் குழந்தை. மூலப் படத்தில் அதே குழந்தை, மஞ்சள் பூசினாற்போல.

"எல்லாத்தையும் இருபத்துநாலு பிட் முழு நிறத்துக்கு ஏத்தினா தீவு லைன் படுத்துடும்."

"எல்லாத்தையும்னு யார் சொன்னா? படம் காட்டுறதுக்கு மட்டும் ஏத்தினா போதும். ரெண்டு நிமிஷ வேலை சார். அஞ்சு மாசத்துல உங்களுக்கு அந்த ரெண்டு நிமிஷம் கிடைக்கல."

"கமிட்டில வச்சுத்தான் முடிவு பண்ணணும்."

"வைங்க," என்றாள் நெனிதா. "பிள்ளையோட அம்மாவையும் கூட்டிட்டு வர்றேன். அவகிட்ட சொல்லுங்க."

மரிவிக் உட்கார்ந்து அமைப்பை மாற்றினாள். "என் பேர்லயே பதிஞ்சிருக்கேன். நடவடிக்கை எடுக்கறதுன்னா எடுங்க."

நீல விளக்கின் கீழ் நான்கு நாள் கிடந்து, குழந்தை தேறி வீடு போயிற்று. அனுமதியின்றி மாற்றியதற்கு மரிவிக்குக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதே வாரம், படச் செயலிகளைத் தம் யோசனைப்படி உயர்த்தியதாக வில்லாரூஸின் சுற்றறிக்கையும் வந்தது.

"த்தூ!" என்றாள் நெனிதா தொலைபேசியில். "என்ன பதில் எழுதப் போற?"

"இப்ப நேரமில்ல, மனாங்," என்றாள் மரிவிக், அக்கா முறை வைத்து. சொல்லும்போதே அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். கண் பிரிவின் படச் செயலி இன்னும் பழைய அமைப்பிலேயே கிடப்பதை அப்போதுதான் பார்த்திருந்தாள்.