பெட்டிக்குள் போன பாஸ்போர்ட்

சவப்பெட்டி செய்த நேலியோ மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தபோதுதான் மரில்டாவுக்கு உறைத்தது. அலமாரி, மெத்தையடி, கோழித்தீவன டின் என்று காலையிலிருந்து தேடிய தாத்தாவின் பாஸ்போர்ட், அப்பாவின் கைகளுக்கு அடியில் இருக்கிறது. ஜெபப் புத்தகத்தின் துணி உறைக்குள்.

முந்தாநாள் அப்பா மூச்சு வாங்க, "அம்மா புத்தகத்துல பத்திரமா இருக்கு" என்றார். ஜுரத்தில் உளறுகிறார் என்று விட்டுவிட்டாள். இன்று விடியற்காலையில் அவர் போனதும், அவருடைய அக்கா ஜெனோவேவா வழக்கப்படி தங்கள் அம்மாவின் அந்த ஜெபப் புத்தகத்தை நெஞ்சில் வைத்து, ஜெபமாலையால் கைகளைச் சேர்த்துக் கட்டிவிட்டாள்.

பிரேசிலுக்குக் கப்பல் ஏறிய அன்று தாத்தா போலந்துக் குடிமகன்தான் என்பதற்கு வேறு அத்தாட்சி இல்லை. அவர் ஊர்ப் பதிவேடு போரில் எரிந்துபோனது. மரில்டாவின் மகன் எட்சன் போலந்தில், வார்சாவில் இருக்கிறான். இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் அசல் பாஸ்போர்ட் போய்ச் சேராவிட்டால், அவன் குடியுரிமை கேட்டுப் போட்ட மனு தள்ளுபடி. அவன் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். அவன் மனைவிக்கு எட்டாவது மாதம்.

"கொஞ்சம் இருங்க நேலியோ."

பெட்டியருகே போனாள். அப்பாவின் இடது கண் சரியாக மூடவில்லை. மூடாத கண் அடுத்த ஆளைத் தேடும் என்பார்கள். பெட்டிக்குள் வைத்ததை வெளியே எடுத்தால் எடுத்தவரை மண் கூப்பிடும் என்றும் சொல்வார்கள். தன்னைக் கூப்பிட்டால் போகிறது. காகிதம் எட்சனுக்குத்தானே, அவனைக் கூப்பிட்டால்? நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். அவளுக்கு அப்படி ஒரு பயம் வாழ்க்கையில் வந்ததில்லை.

"என்னடி பண்றே?" அத்தை பக்கத்தில் நின்றாள்.

"பாஸ்போர்ட் உள்ள இருக்கு அத்தை. புத்தக உறைக்குள்ள."

அறையில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள்.

"எடுத்தா எட்சனுக்கு ஏதாவது..."

"வாயை மூடு."

"நானே எடுக்கறேன். ஆனா..."

"நீ தொடாதே. தள்ளு."

அத்தை ஜெபமாலையை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தாள். விறைத்த விரல்களை மெல்லத் தூக்கினாள். "போனிபாசியோ, கோவிச்சுக்காதேடா. பேரன் கேக்கறான்" என்றாள் தம்பியிடம். உறையைக் கிழித்து, நீல அட்டையை மரில்டாவின் கையில் திணித்தாள். புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்து மறுபடி கட்டினாள்.

"எல்லாரும் பாத்துக்கங்க. எடுத்தது நான்" என்றாள், யாரையும் பார்க்காமல். "நேலியோ, திருகாணியைப் போடு. இன்னும் என்ன வேடிக்கை?"

கல்லறைக்குப் போகும் செம்மண் பாதையில் மழை பள்ளம் பறித்திருந்தது. எண்பத்திரண்டு வயது அத்தை முன்னால் நடந்தாள். பாஸ்போர்ட்டை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, அவள் கால் வைக்கும் இடத்தையே பார்த்தபடி மரில்டா பின்னால் போனாள். முதல் பள்ளத்தில் எட்டி அத்தையின் முழங்கையைப் பிடித்தாள்.

"விடுடி. எனக்கு நடக்கத் தெரியும்."

மரில்டா விடவில்லை.