படமில்லாத எட்டுப் பக்கம்

என் மருமகன் பார்க்காததைப் பார்த்ததாகப் பொய்க் கையெழுத்துப் போட்டார் என்றார்கள். செவ்வாய்க்கிழமை விசாரணை வைத்தார்கள். குற்றம் உறுதியானால் வேலை போகும். வேலையோடு போனால் பரவாயில்லை. பொய்யன் என்று எழுதி அனுப்பின பிரேக் மெக்கானிக்கை எந்த லாரி ஒர்க்‌ஷாப்பும் வாசலுக்குள் விடாது.

நடந்தது இதுதான். எங்கள் கம்பெனி லாரி ஒன்று தரை ஓடு ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் போகையில் பிரேக் பிடிக்கவில்லை. பூட்டியிருந்த நாற்காலிக் கடையின் ஷட்டரில் மோதி நின்றது. டிரைவருக்கு முழங்கால் நொறுங்கியது, உயிர் தப்பியது. கழற்றிப் பார்த்தால், பின்சக்கரத்து லைனிங் ஒரு முனையில் தகடாய்த் தேய்ந்திருந்தது. டிரம்மை உரசி வண்டியை நிறுத்துகிற பட்டை அது. ஒன்பது நாளைக்கு முன்னால்தான் வண்டி சர்வீசுக்கு வந்திருந்தது. சர்வீஸ் தாளில் ‘லைனிங் – செக்’ என்ற வரிக்கு நேராக ஒரு டிக். கீழே மாப்பிள்ளை கையெழுத்து.

“டார்ச் அடிச்சுப் பார்த்தேன் மாமா. டிரம்முக்குப் பின்னால இருக்கிற ஓட்டை வழியா லைனிங் நல்லாத்தான் தெரிஞ்சுது” என்றார்.

பாதிதான் நம்பினேன். சாப்பிட்டால் கண் சொருகுகிற ஆள். என் மகள் அவருக்குப் போட்ட தட்டை எனக்கு நகர்த்தி வைத்தாள், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை ஆபீசிலிருந்து ஒரு அம்மா என் இடத்துக்கு வந்தாள். வண்டிப் புத்தகத்தை, அதாவது கழற்றிப் பூட்டுகிற முறை எழுதின புத்தகத்தை, இங்கிலீஷிலிருந்து தமிழில் எழுதுவதற்குக் கம்பெனி புதிதாகச் சேர்த்த ஆள். நாற்பது வயதிருக்கும், கையில் ஒரு பொட்டு கிரீஸ் கிடையாது. ஓயாமல் கேள்வி கேட்பாள். ‘அகராதி’ என்று பேர் வைத்திருந்தேன். சொல்லுக்கும் சரி, திமிருக்கும் சரி, பொருத்தமாகத்தான் இருந்தது.

“ஐயா, தாள்ல செக்னு இருந்தா என்ன செய்வீங்க?”

“செக் பண்ணுவோம்.”

“அப்படின்னா?”

“பார்ப்போம்மா. கண்ணு பின்ன எதுக்கு இருக்கு?”

“இன்ஸ்பெக்ட்னு இருந்தா?”

“அதுவும் பார்க்கிறதுதான். கொஞ்சம் பெரிய மனுஷத்தனமாப் பார்க்கணும்.”

சிரித்துவிட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்திருந்தேன்.

“வீட்டுல பேசுற இங்கிலீஷ்ல ரெண்டும் ஒண்ணுதான் ஐயா. வண்டிப் புத்தகத்துல அப்படிக் கிடையாது. ஒரு வார்த்தைக்கு ஒரு வேலைதான். எந்த வார்த்தைக்கு எந்த வேலைன்னு முன்னாடியே சொல்லியிருப்பாங்க. உங்ககிட்ட இருக்கிற காப்பி ஒன்பதாம் பக்கத்துல ஆரம்பிக்குது. முதல் எட்டு எங்கே?”

“எலி தின்னிருக்கும்” என்றேன்.

எலி தின்னவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்த வண்டிகள் புதிதாக வந்தபோது, அசல் புத்தகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு காப்பி எடுத்து வா என்று என்னைத்தான் அனுப்பினார்கள். ஹெட் ஃபிட்டர் நான். ஜெராக்ஸ் கடையில் புரட்டிப் பார்த்தேன். முதல் எட்டுப் பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து, ஒரு படம் கிடையாது. மருந்துப் பெட்டியில் மடித்து வைத்திருக்கிற சீட்டு மாதிரி ஏதோ வக்கீல் பேச்சு என்று நினைத்தேன். “படம் இருக்கிற இடத்துலேருந்து எடுப்பா” என்றேன். அந்தக் காப்பியைப் பார்த்துத்தான் ஆபீசில் சர்வீஸ் தாள் தயாரித்தார்கள். இங்கிலீஷ் வார்த்தையை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டார்கள். பக்கத்தில் டிக் போட ஒரு கட்டம்.

மறுநாள் விசாரணைக்கு அவள் பீரோவிலிருந்து அசலை எடுத்து வந்திருந்தாள். மேனேஜர் முன்னால் படித்துத் தமிழில் சொன்னாள்.

“இன்ஸ்பெக்ட்னா, கழட்டாம கண்ணால பார்த்து விரிசல், கசிவு தேடணும். செக்னா, கருவி வெச்சு அளக்கணும், அளவை எழுதணும். லைனிங்குக்கு செக்னுதான் இருக்கு. டிரம்மைக் கழட்டி ரெண்டு முனையிலயும் அளந்திருக்கணும். இவர்கிட்ட அந்தப் பக்கமே இல்லை சார். தாள்லயும் டிக் போடத்தான் கட்டம் இருக்கு, அளவு எழுத இடமே இல்லை.”

மேனேஜர் லேசுப்பட்ட ஆளில்லை. “காப்பியில முதல் எட்டுப் பக்கம் இல்லை, சரி. எப்போ காணாம போச்சு? ஷட்டர்ல மோதினதுக்கு அப்புறமா? தப்பிக்க இவரே கிழிச்சிருக்கலாமே?”

மாப்பிள்ளைக்குக் காது மடல் இரண்டும் சிவந்துபோயின.

சாட்சிக்கென்று ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள் என்னை. எழுந்தேன்.

“யாரும் கிழிக்கலை சார். காப்பியே எடுக்கலை. நான்தான் வேண்டாம்னேன்.”

“நீங்களா? ஏன்?”

“படம் இல்லை.”

“என்னது?”

“எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது சார். வரும்னு சொல்லித்தான் ஹெட் ஃபிட்டர் ஆனேன்.”

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாப்பிள்ளையை நீக்குகிற கடிதம் தட்டச்சு செய்து மேசை மேலேயே கிடந்தது. அதை மடித்து இழுப்பறையில் போட்டார். கிழிக்கவில்லை, அவர் குணம் அது. “அவர் வேலையில இருக்கட்டும். உங்க விஷயம் அப்புறம் பேசிக்கலாம். முதல்ல நிக்கிற வண்டி அத்தனையையும் கழட்டி அளங்க” என்றார்.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். எங்கே?

“பதினோரு வருஷம் மாமா! எத்தனை வண்டிக்கு டிக் போட்டு அனுப்பியிருப்பேன்! தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?”

“வெட்கம்தான், வேற என்ன?” என்றேன். அவர் ஜாக்கியை இழுத்துக்கொண்டு போனார்.

மூன்று வண்டி நன்றாக இருந்தது. நாலாவது, சரக்கு ஏற்றிக் கிளம்பத் தயாராக நின்ற வண்டி. மாப்பிள்ளை டிரம்மை இறக்கினார், நான் லைனிங் கனத்தை அளக்கக் கேலிப்பரை வைத்தேன். ஓட்டை வழியாகத் தெரிகிற முனை பன்னிரண்டு மில்லி. மறு முனையில் வைத்தேன். துடைத்துவிட்டு இன்னொரு தடவை வைத்தேன். எட்டுக்குக் கீழே வந்தால் மாற்ற வேண்டும் என்று அந்த அம்மா படித்துக் காட்டியிருந்தாள்.

“என்ன எழுதட்டும் ஐயா?” அவள் தாளோடு பக்கத்தில் குந்தியிருந்தாள். வெள்ளைப் புடவை ஓரத்தில் கிரீஸ்.

“நாலரை.”

எழுதினாள். இதே வண்டிக்குப் போன வாரம் போட்ட தாளையும் புரட்டினாள். டிக் இருந்தது. கீழே என் கோணல் கையெழுத்து. மாப்பிள்ளையும் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். “லைட்டை இப்படிக் காட்டுங்க மாமா, அடுத்த சக்கரத்தையும் பார்த்திடுவோம்” என்றார்.

“அளந்திடுவோம்” என்றேன்.

வாசலில் டிரைவர் டீ கிளாசோடு நின்று சத்தம் போட்டான். “ஆச்சா அண்ணே? கிளம்பலாமா?”

“ஆகலை. பையை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ.”

“ஏன், நல்லாத்தானே ஓடுது?”

“ஓடும்டா. நிக்காது” என்றேன்.